வெயில் அழற்சியும் தாவரப் பொருள்களும்: எவை தோலைக் காக்கும், எவை காக்கமாட்டா?

சித்திரை முதல் நாளை ஒட்டிய நண்பகலில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. இவ்விரு ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9.5 பாகையில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். ஏப்ரல் நடுவிலும், மீண்டும் ஆகஸ்டு இறுதியிலும், கடிகாரம் பகல் 12.20 மணியைக் காட்டும் வேளையில் நட்டு வைத்த கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மிகக் குறைந்த தொலைவு காற்றைக் கடந்து, மிக அதிக வலிமையுடன் நம்மை வந்தடையும் நாள்கள் அவை.

வெயிலால் உண்டாகும் தோல் தொல்லைகளுடன் எங்கள் பிரிவுக்கு வருவோரில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "கடையில் விற்கும் களிம்பு எதற்கு? மஞ்சள், கற்றாழை, எலுமிச்சை போன்ற இயற்கைப் பொருள்கள் போதாவா?" இது நியாயமான கேள்வி. தாவரப் பொருள்களுள் சில, வெயிலால் எழும் அழற்சியைத் தணிக்கும் திறன் உடையவை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சில, எவ்விதப் பயனும் தராதவை. இன்னும் சில, வெயிலுடன் சேர்ந்து தோலைப் புண்ணாக்குபவை. இம்மூன்றையும் பிரித்தறிய உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு

உடலில் சூடாக உணர்வதை வைத்தே வெயிலின் கடுமையை நாம் அளவிடுகிறோம். அந்தச் சூட்டைத் தருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். தோலில் அழற்சியை உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணால் காணவும் முடியாது, தோலால் உணரவும் முடியாது. ஆகவே சூட்டை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும்.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. வானில் மெல்லிய மேகம் படர்கிறது. எப்போதாவது சாரலும் எட்டிப் பார்க்கிறது. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர் வடம் பிடிப்போரும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுவோரும் "இன்று வெயிலே இல்லை" என எண்ணி, தலையையும் கைகளையும் மறைக்காமல் பல மணி நேரம் வெளியில் இருக்கிறார்கள். மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை ஊடுருவ விட்டுவிடுகிறது. மறுநாள் முகமும் பின்கழுத்தும் எரியத் தொடங்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

இக்கதிரின் வலிமையைக் குறிக்க உலக சுகாதார நிறுவனம் 'புற ஊதாக் குறியீடு' என்னும் அளவைப் பயன்படுத்துகிறது. குறியீடு 3ஐ எட்டினாலே பாதுகாப்புத் தேவை. 11ஐத் தொட்டால் அது 'மிகக் கடுமை'. தெளிந்த வானமுள்ள கோடை நண்பகலில் நம் பகுதியில் இக்குறியீடு 11ஐத் தாண்டுவது இயல்பே.

தோலுக்குள் என்ன நிகழ்கிறது?

பூமியை வந்தடையும் புற ஊதாக் கதிரில் இரு வகைகள் உள்ளன. 'பி' வகை மேல்தோலின் செல்களிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டு, அங்குள்ள மரபுப்பொருளான டி.என்.ஏ.வை நேரடியாகச் சேதப்படுத்துகிறது. 'ஏ' வகை இன்னும் ஆழமாகச் சென்று, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வீரியமிக்க வினைபொருள்களை உண்டாக்குகிறது. இவை செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கின்றன. சாதாரணச் சன்னல் கண்ணாடி 'பி' வகையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகையைத் தடுக்காது. மதுரை–தென்காசி சாலையில் ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டுவோரின் வலக்கை இடக்கையைவிடக் கருத்துக் காணப்படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சேதமடைந்த செல்கள் அபாய அறிவிப்பைப் போலச் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. புரோஸ்டாகிளாண்டின் அவற்றுள் முதன்மையானது. இதனால் இரத்த நாளங்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் அவ்விடத்தில் திரள்கின்றன. தோல் சூடேறி, வீங்கி, வலிக்கிறது. இதையே வெயில் அழற்சி என்கிறோம். வெயில் பட்ட 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இது உச்சத்தை அடைகிறது. மாலையில் வீடு திரும்பும்போது ஒன்றும் தெரியாமல், இரவில் தூக்கம் கலையும் அளவுக்கு எரிச்சல் எழுவது இதனால்தான்.

ஒருமுறை உண்டான அழற்சி சில நாள்களில் ஆறிவிடும். ஆனால் அது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் நார்கள் சிதைகின்றன. சுருக்கம், நிறமாற்றம், கண்ணில் புரை, சிலருக்குத் தோல் புற்று ஆகியவற்றுக்கு அது வழிவகுக்கிறது.

நம் தோலில் அழற்சியின் நிறம்

வெயில் அழற்சி பற்றிய பாடநூல் படங்களில் தோல் செக்கச் சிவந்திருக்கும். மாநிறத் தோலில் அச்சிவப்பு எளிதில் புலப்படாது. ஆகவே நமக்கு வெயிலால் அழற்சி வருவதே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை.

மெலனின் என்னும் நிறமி நமக்கு இயற்கை தந்த குடை. 1979இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அடர்கருந்தோலின் மேலடுக்கு 'பி' வகைக் கதிரில் சுமார் 7 விழுக்காட்டையே உள்ளே விட்டது. வெள்ளைத் தோலின் மேலடுக்கு சுமார் 24 விழுக்காட்டை விட்டது. நம் மக்களில் தோல் புற்று குறைவாக இருப்பதற்கு இந்நிறமியே முதற்காரணம். எனினும் குடைக்குள்ளும் சாரல் அடிக்கும். அழற்சி தோன்றியவுடன் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு மேலும் மேலும் மெலனினை உண்டாக்குகின்றன. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி, நம் தோலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் கருமையாகத் தெரிகிறது. கன்னங்களில் படரும் மங்கும், பரு ஆறிய இடத்தில் தங்கும் கரும்புள்ளியும் வெயிலால் ஆழமாவது இவ்வாறே.

தாவரங்கள் தம்மை எவ்வாறு காத்துக்கொள்கின்றன?

நிழலைத் தேடி நகர முடியாதவை தாவரங்கள். நாள் முழுவதும் வெயிலில் நிற்க வேண்டிய அவை தமக்கான பாதுகாப்பைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. இலையின் மேற்பரப்பிலுள்ள பாலிஃபீனால்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன. தக்காளிக்குச் சிவப்பும் மாம்பழத்துக்கு மஞ்சளும் தரும் கரோட்டினாய்டுகள், வீரியமிக்க ஆக்சிஜன் வினைபொருள்களைத் தணிக்கின்றன.

இப்பொருள்கள் மனிதத் தோலில் மூன்று வழிகளில் உதவக்கூடும். ஒன்று, கதிரை உறிஞ்சுவது. இரண்டு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது. மூன்று, அழற்சியைத் தூண்டும் வேதி அறிவிப்புகளை அடக்குவது. ஆய்வகத்தில், தட்டில் வளர்த்த செல்களின்மீது இம்மூன்றையும் காட்டுவது எளிது. ஆனால் அப்பொருள் உயிருள்ள தோலுக்குள் செல்ல வேண்டும். போதிய அளவில் அங்கே தங்க வேண்டும். வெயில் பட்டவுடன் சிதையாமல் இருக்கவும் வேண்டும். பெரும்பாலான தாவரப் பொருள்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மஞ்சள்

மஞ்சளில் உள்ள குர்குமின், அழற்சியைத் தூண்டும் பல புரதங்களை ஆய்வகத்தில் அடக்குகிறது. மஞ்சளின் புண்ணாற்றும் பண்பு நம் முன்னோர் அறிந்ததே. 1995இல் அப்பண்புக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோது, இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. இது பழைய அறிவே என்று ஆவணங்களுடன் மெய்ப்பித்தது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது.

ஆனால் புண்ணை ஆற்றுவது வேறு, வெயிலைத் தடுப்பது வேறு. குர்குமின் ஒளி பட்டால் விரைவில் சிதையும். மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் உலர்த்தினால் கறை மங்குவதை நம் வீடுகளில் அனைவரும் கண்டிருப்போம். வேட்டியில் சிதையும் அப்பொருள் முகத்திலும் அவ்வாறே சிதையும். ஆகவே முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வெயிலில் செல்வது பாதுகாப்பாகாது.

உண்ணும் மஞ்சளுக்கும் ஒரு வரம்பு உண்டு. குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே செல்கிறது. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தபோது மனிதரில் அந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது. இதைக் காட்டி, இரண்டையும் சேர்த்த மாத்திரைகள் இன்று விற்கப்படுகின்றன. பைப்பரின் குர்குமினை மட்டும் உயர்த்துவதில்லை. வேறு சில மருந்துகளின் அளவையும் மாற்றிவிடும். அதிக அளவு குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் பதிவாகியுள்ளது. சமையலில் சேரும் மஞ்சளால் இத்தகைய அச்சம் இல்லை. மாத்திரை வடிவில் உட்கொள்வோர், குறிப்பாக இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்போர், மருத்துவரிடம் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

தக்காளி, பச்சைத் தேயிலை, பன்னம்

மனிதரிடம் சோதிக்கப்பட்ட தாவரப் பொருள்களுள் தக்காளிக்கு நல்ல இடமுண்டு. 2001இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில், நாள்தோறும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயுடன் உண்டவர்களுக்கு, பத்தாவது வாரத்தில் புற ஊதாக் கதிரால் வரும் சிவப்பு, உண்ணாதவர்களைவிட 40 விழுக்காடு குறைந்தது. நான்காவது வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன: பலன் மெல்ல வரும், தக்காளியை எண்ணெயுடன் சமைத்தால் லைக்கோப்பீன் நன்கு உடலில் சேரும். நம் வீட்டுத் தக்காளித் தொக்கு இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்கிறது. உப்பின் அளவைக் குறைத்துக்கொண்டால் போதும்.

பச்சைத் தேயிலையின் கதை அவ்வளவு நேரானதன்று. 2011இல் வெளியான ஆய்வில், 12 வாரம் தேயிலைக் கேட்டசின்கள் கலந்த பானம் அருந்திய பெண்களுக்குத் தோல் சிவப்பு 25 விழுக்காடு குறைந்தது. 2015இல் இங்கிலாந்தில் இருந்து வெளியான, கட்டுக்கோப்பான மற்றோர் ஆய்வில் அப்பலன் காணப்படவில்லை. செறிவூட்டிய தேயிலை மாத்திரைகளில் நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் கேட்டசின் சேரும்போது கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. தேநீராகப் பருகுவதில் தவறில்லை, மாத்திரை வேண்டாம்.

மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு வகைப் பன்னத்தின் சாறு இப்போது நம் மருந்துக் கடைகளிலும் மாத்திரையாகக் கிடைக்கிறது. 2004இல் வெளியான ஆய்வில் அது வெயில் அழற்சியைக் குறைத்தது. ஆனால் அதில் பங்கேற்றோர் ஒன்பது பேர் மட்டுமே. வெயில் ஒவ்வாமை உடைய சிலருக்கு நாங்கள் இதைத் துணை மருந்தாகப் பரிந்துரைப்பதுண்டு. தனித்து நின்று தோலைக் காக்கும் மருந்தாக இது ஆகாது.

இவ்வாய்வுகளில் பெரும்பாலானவை வெளிர்நிறத் தோலுடையோரிடம், சிவப்பை அளந்து செய்யப்பட்டவை. நம் தோலில் கருமை எந்த அளவுக்குக் குறையும் என்பதை அவ்வெண்களிலிருந்து நேரடியாகக் கணக்கிட இயலாது.

கற்றாழை, தேங்காய் எண்ணெய், அரிசித் தவிடு

சோற்றுக்கற்றாழையின் சோறு, எரியும் தோலைக் குளிர்வித்து ஈரப்பதம் தருகிறது. வெயில் பட்ட பின் பூச ஏற்றது. வெயிலுக்கு முன் பூசினால் கதிரைத் தடுக்காது. மடலை வெட்டியவுடன் வழியும் மஞ்சள் நிறப் பாலைக் கழுவி நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். அப்பால் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

தேங்காய் எண்ணெய் பற்றி 2010இல் ராய்ப்பூரில் இருந்து ஓர் ஆய்வு வெளியாயிற்று. கருவியில் அளந்தபோது அதன் பாதுகாப்பு எண் சுமார் 7 எனக் கண்டனர். ஆனால் அது கண்ணாடிக் குழாயில் கரைசலாக அளந்த எண். தோலில் எண்ணெய் படலமாகப் பரவி, வியர்வையுடன் வழிந்துவிடும். அந்த எண்ணை நம்பி வயலுக்குச் செல்லலாகாது.

அரிசித் தவிட்டில் உள்ள ஃபெரூலிக் அமிலம் நம்பிக்கை தரும் பொருள்களுள் ஒன்று. 2005இல் வெளியான ஆய்வில், வைட்டமின் சி, ஈ கலந்த கரைசலுடன் இதைச் சேர்த்தபோது தோலுக்குக் கிடைத்த பாதுகாப்பு நான்கு மடங்கிலிருந்து ஏறத்தாழ எட்டு மடங்காயிற்று. அது அமிலத்தன்மையும் செறிவும் துல்லியமாக அளக்கப்பட்ட கரைசல். வீட்டில் அரைத்த தவிட்டு விழுதோ அரிசி கழுவிய நீரோ அதற்கு ஈடாகா.

வெயிலுடன் கைகோக்கும் தாவரங்கள்

இப்பாடத்தில் நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இது. 'இயற்கைப் பொருளால் தீங்கில்லை' என்னும் எண்ணம் சிலரது தோலைப் பதம் பார்த்துவிடுகிறது.

எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் சோராலென் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் உள்ளன. இவை தோலில் இருக்கும்போது 'ஏ' வகைக் கதிர் பட்டால் செல்களைச் சுடுகின்றன. முகம் வெளுக்க வேண்டுமென்று எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் சென்றாலும், கோயிலுக்கு எலுமிச்சை மாலை கட்டிவிட்டுக் கை கழுவாமல் வெளியில் நடந்தாலும், ஓரிரு நாளில் எரிச்சலும் கொப்புளமும் எழலாம். சாறு வழிந்த தடத்திலேயே கருங்கோடுகள் தோன்றி மாதக்கணக்கில் நிற்கும். குழந்தைகளின் உடலில் இக்கோடுகளைக் காண்போர், யாரோ அடித்த தழும்பு என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. பழத்தை அறுத்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவினாலே இதைத் தவிர்க்கலாம்.

இதே சோராலென் கார்போக அரிசியிலும் உள்ளது. வெண்புள்ளிக்கு அதைப் பயன்படுத்துவது நெடுங்கால மரபு. அம்மரபின் அடிப்படை சரியானதே: சோராலெனையும் அளந்து செலுத்தும் 'ஏ' வகைக் கதிரையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை 1970களில் தற்கால மருத்துவத்திலும் நிலைபெற்றது. அளவுதான் இதன் உயிர்நாடி. அளவறியாமல் அரைத்துப் பூசி வெயிலில் அமர்ந்தால், வெண்புள்ளி இருந்த இடத்தில் தீப்புண் மிஞ்சும். அப்புண்ணே புதிய வெண்புள்ளிகளுக்கு வித்திடவும் கூடும்.

மூன்றாவது, பார்த்தீனியம். 1950களில் புனே அருகே அறியப்பட்ட இக்களை இன்று நாடெங்கும் பரவிவிட்டது. நம் சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் அதைக் காணலாம். அதன் உலர்ந்த துகள்கள் காற்றில் பறந்து, ஒவ்வாமை உடையோரின் முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கடும் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகின்றன. வெயில் படும் இடங்களிலேயே வருவதால் இதனை வெயில் ஒவ்வாமை என்று எண்ணிப் பலர் ஆண்டுக்கணக்கில் துன்புறுகிறார்கள். நாள்பட்டால் உண்மையாகவே வெயிலைத் தாங்க இயலாத நிலையும் வந்து சேரலாம். இச்செடியை வெறுங்கையால் பிடுங்கவோ எரிக்கவோ வேண்டாம்.

மாந்தோப்பில் பணிபுரிவோருக்கு மற்றொரு செய்தி. காம்பிலிருந்து பீறிடும் மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும். அது வெயிலால் வருவதன்று. ஆயினும் அப்புண்ணின்மீது வெயில் பட்டால் கருமை நெடுநாள் நீடிக்கும். காய் பறிக்கும்போது முழுக்கைச் சட்டையும், பால் பட்டவுடன் கழுவ நீரும் சோப்பும் தேவை.

ஒரு மரப்பட்டையின் வழியே வந்த மருந்து

வெயில் அழற்சிக்கு எதிராகத் தாவர உலகம் மருத்துவத்துக்குத் தந்த பெருங்கொடை எது என்று கேட்டால், சிங்கோனா மரப்பட்டையையே நாங்கள் கூறுவோம். 1860களில் நீலகிரியில் அம்மரம் பயிரிடப்பட்டது. பட்டையிலிருந்து எடுத்த குயினைன் மலேரியாவுக்கு மருந்தாயிற்று. 1894இல் பெய்ன் என்னும் இலண்டன் மருத்துவர் லூபஸ் நோயின் தோல் தடிப்புகளுக்குக் குயினைன் பயனளிப்பதை எடுத்துரைத்தார். பின்னர் குயினைனுக்கு மாற்றுத் தேடிய ஆய்வுகளின் வழியே பிறந்த செயற்கை மருந்துகளுள் ஒன்றே ஹைட்ராக்சிகுளோரோகுயின். இன்று லூபஸ் நோயாளிகள் பெரும்பாலோர் உட்கொள்ளும் மாத்திரை அது.

லூபஸ் உடையோருக்கு வெயில் தோலை மட்டும் தாக்குவதில்லை. வெயில் பட்டபின் மூட்டு வலி, காய்ச்சல், சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு எனப் பல உறுப்புகளில் நோய் கிளர்ந்தெழலாம். தடிப்பு மறைந்ததும் "இனி இயற்கை முறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இம்மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பேராபத்து. நோய் மீண்டும் எழும்போது அது சிறுநீரகத்தில் எழுந்தால், இழப்பு ஈடு செய்ய முடியாததாகிவிடும். கண்ணைப் பற்றிய அச்சம் இருப்பின், நிறுத்துவதைவிடப் பரிசோதிப்பதே வழி. மருந்தைத் தொடங்கிய ஓராண்டுக்குள் ஒருமுறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்துகொண்டால், பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டறியலாம்.

லூபஸ் இல்லாதோரும் தாம் உட்கொள்ளும் மருந்துகளைக் கவனிக்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் இரத்த அழுத்த மருந்து ஆகியவை தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். இவற்றை நிறுத்த வேண்டாம். தடிப்பு வந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறை

முதற்காவல் நிழல். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை இயன்ற அளவு வெயிலைத் தவிருங்கள். வயல் வேலையும் நூறு நாள் வேலையும் நேரத்தை நம் விருப்பத்துக்கு விடுவதில்லை என்பதை அறிவோம். அத்தகையோருக்கு ஆடையே சிறந்த கவசம். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டி நாற்று நடும் பெண்கள், எந்த ஆய்வும் சொல்லாமலே சரியான முறையைக் கண்டறிந்தவர்கள்.

துணியின் நெசவும் முக்கியம். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியின் பாதுகாப்பு எண் சுமார் 5 முதல் 7 வரைதான். நனைந்தால் இன்னும் குறையும். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியையும் நெருக்கமாக நெய்த சட்டைத் துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். எது ஒளியை அதிகம் விடுகிறதோ அது கதிரையும் அதிகம் விடும். நெருக்கமான நெசவும் அடர்ந்த நிறமும் கொண்ட தளர்வான ஆடையே ஏற்றது. அகலமான விளிம்புள்ள தொப்பியோ குடையோ உடனிருப்பது நலம்.

மறைக்க இயலாத இடங்களுக்குச் சன்ஸ்கிரீன். எண் 30 உடையது 'பி' வகைக் கதிரில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். ஆனால் போதிய அளவு பூசினால் மட்டுமே. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். மங்கு உடையோர் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீனைத் தேர்ந்தால், கருமையைத் தூண்டும் கண்ணுறு ஒளியையும் ஓரளவு தடுக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் களிம்பு வேண்டாம். நிழலும் துணியுமே போதும்.

உணவு துணைக்காவல். சமைத்த தக்காளி, கொய்யா, பப்பாளி, நெல்லிக்காய், முருங்கைக்கீரை ஆகியவற்றை அன்றாட உணவில் சேருங்கள். கரோட்டினை மாத்திரையாக உட்கொள்ள வேண்டாம். 1994இல் பின்லாந்தில் வெளியான பேராய்வில், நாள்தோறும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்த புகைபிடிப்போரிடம் நுரையீரல் புற்று கூடியதே தவிரக் குறையவில்லை. காய்கனியில் நன்மை தரும் பொருள், மாத்திரையில் செறிந்தபோது வேறு முகம் காட்டியது.

இறுதியாக ஒரு தடை: முகம் வெளுக்க என்று சொல்லிக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கவே வேண்டாம். 'மூலிகை' என்று அச்சிட்ட, உள்ளடக்கம் எழுதாத களிம்புகளும் இதில் அடங்கும். இவை தோலை மெலியச் செய்து, சிறு வெயிலுக்கும் எரியும் நிலைக்குக் கொண்டுவிடும்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

வெயிலில் எரிந்த தோலுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணி, கற்றாழைச் சோறு, போதிய அளவு குடிநீர் ஆகியவை பெரும்பாலும் போதும். பனிக்கட்டியை நேரடியாக வைக்கவோ, கொப்புளத்தை உடைக்கவோ, பற்பசை தடவவோ கூடாது.

பின்வரும் நிலைகளில் காலம் தாழ்த்தாமல் வாருங்கள்: பரவலான கொப்புளங்கள், காய்ச்சல், வாந்தி, மயக்கம் அல்லது மனக்குழப்பம், கைக்குழந்தைக்கு ஏற்பட்ட வெயில் எரிச்சல், சில நிமிட வெயிலுக்கே எழும் தடிப்பு, கன்னங்களிலும் மூக்கின் மேலும் பரவும் தடிப்புடன் மூட்டு வலி அல்லது முடி உதிர்தல், நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வளரும் அல்லது நிறம் மாறும் மச்சம்.

வரும்போது உங்கள் மருந்துச் சீட்டுகளுடன், வீட்டில் பூசிய களிம்பு, பொடி, எண்ணெய், உட்கொண்ட சூரணம், மாத்திரை அனைத்தையும் ஒரு பையில் இட்டுக் கொண்டுவாருங்கள். எதையும் மறைக்க வேண்டாம். எது பயன் தந்தது, எது தீங்கு செய்தது என்பதை அவற்றைப் பார்த்த பிறகே எங்களால் பிரித்துச் சொல்ல இயலும்.